எடையை எங்கே வைத்துக் கேட்பது

அடுத்த வாரம் முதல் கோவில்பட்டியில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையின் மென்பொருளை நீங்கள் இருவரும்தான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். நான் இரண்டாவது பிரசவத்துக்காக விடுப்பில் போகிறேன். திரும்பி வருவேனா, வந்தாலும் இதே வேலைக்கா என்று எனக்கே தெரியவில்லை. பதிவுப் படிவத்தில் எந்தக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும், எதை வெறுமையாக விடலாம், எந்த இடத்தில் எந்தச் சரிபார்ப்பு விதி ஓடும் என்பதையெல்லாம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படித்தால் போதும்.

ஆனால் படித்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் கவுண்டரில் கேட்டுவிட்டு, குழந்தையின் எடையை மட்டும் ஏன் டாக்டர் அறைக்குள் கேட்கிறோம்? கவுண்டரிலேயே கேட்டால் நேரம் மிச்சமாகுமே? யாரோ யோசிக்காமல் விட்டது என்று நினைத்து, நல்ல எண்ணத்தில் நீங்கள் அதைச் சரிசெய்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன். இதை எழுதத்தான் வேண்டுமா என்று இரண்டு தடவை யோசித்தேன். எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

எடை முதலில் கவுண்டரில்தான் இருந்தது. அதை அங்கே வைத்தவள் நான்.

மழைக்காலம் தொடங்கிவிட்டால் அந்த மருத்துவமனையில் உட்கார இடம் இருக்காது. விளாத்திகுளம், குளத்தூர், கயத்தாறு என்று எல்லாப் பக்கமிருந்தும் காய்ச்சலோடு பிள்ளைகள் வருவார்கள். கரிசல் சகதி ஒட்டிய செருப்புகள் வாசலில் குவிந்து கிடக்கும். குழந்தைகளுக்கு மருந்து எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் டாக்டரம்மா ஒரு வசதி கேட்டார். பதியும்போதே எடையை வாங்கிக்கொண்டால், எந்த மருந்து எவ்வளவு என்று தன் திரையில் தானாக வந்துவிட வேண்டும். எல்லாத் தாய்மாருக்கும் பிள்ளையின் எடை தெரியும். தெரியாதவர்களை மட்டும் எடைக்கருவியில் ஏற்றினால் போதும் என்றார். நியாயமாகத்தான் பட்டது.

நான் கவனமாகவே எழுதினேன். எடை இல்லாமல் படிவம் நகராது. எடை எண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு வயதுக்கும் குறைந்த அளவு, கூடிய அளவு உண்டு. அதைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும். நாற்பது கிலோ கைக்குழந்தை, இரண்டு கிலோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்றெல்லாம் போட்டுப் பார்த்தேன். அத்தனையையும் தடுத்தது. நிம்மதியாக இருந்தது.

புதிய படிவம் ஓடத் தொடங்கிய நாள் காலையில், ஆபீசில் உட்கார்ந்து பதிவுகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியவரும். போன் ஓயாது. "மேடம் போக மாட்டேங்குது, மேடம் செவப்பா வருது" என்று அழைத்துக்கொண்டே இருப்பார்கள். அன்றைக்கு ஒரு போன்கூட வரவில்லை. எல்லாக் குழந்தைகளும் வரம்புக்குள்ளேயே இருந்தார்கள். ஒரு பிழைகூட இல்லை. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிற நான், அன்றைக்குப் பார்த்துச் சந்தேகப்படவில்லை. சந்தோஷப்பட்டேன்.

மதியம் என் மாமியாரிடமிருந்து போன் வந்தது. என் பையனுக்கு அப்போது இரண்டு வயது. உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றார். அவனைத் தூக்கிக்கொண்டு, அத்தையையும் கூட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து அதே மருத்துவமனைக்குப் போனேன். அன்றைக்கு நான் அங்கே மென்பொருள்காரியாகப் போகவில்லை. டோக்கனுக்கு நிற்கிற ஒரு அம்மாவாகப் போனேன்.

கவுண்டரில் முத்துச்செல்வி இருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்னக்கா, நீங்க போட்ட ஃபார்ம்ல நீங்களே வந்து மாட்டிக்கிட்டீங்களா? சொல்லுங்க, பேரு, வயசு, ஊரு." தட்டிக்கொண்டே வந்தாள். கூட்டத்தின் சத்தத்தில் காது கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினாள். "எடை எவ்ளோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டார். "ஒம்பது கிலோ."

திரும்பிப் பார்த்தேன். போன வாரம்தான் பால்வாடியில் எடை பார்த்திருந்தார்கள். பன்னிரண்டரை. அதைத் தெருவில் இருந்த சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாமல், என்னிடம் மட்டும் வந்து காதோடு சொன்னவரே அத்தைதான்.

"அத்தை, பன்னெண்..."

முழங்கைக்கு மேல் ஒரு கிள்ளு விழுந்தது. "ஏட்டி, சும்மா இரு."

ஒன்பது என்று கட்டத்தில் ஏறியது. இரண்டு வயதுக்கு நான் வைத்த வரம்புக்குள் ஒன்பதும் உண்டு. பச்சை டிக் விழுந்தது. முத்துச்செல்வி டோக்கனை நீட்டினாள்.

உட்கார்ந்ததும் பின்னால் வந்தவர்களைக் கவனித்தேன். ஒருத்தியின் இடுப்பில் கொழுகொழு என்று ஒரு பையன், கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. "ஏழு இருப்பான்க்கா. சரியாவே சாப்பிட மாட்டேங்கான்." அடுத்தவள் இன்னும் குறைத்தாள். அதற்கடுத்தவள், "எட்டுன்னு போட்டுக்கோங்க" என்றாள். போட்டுக்கோங்க! பக்கத்தில் இருந்தவர்கள் அவளுடைய குழந்தையை ஏறிட்டுப் பார்த்ததும், முந்தானையை இழுத்து அதன் தலையை மூடினாள்.

பிள்ளை நன்றாக வளர்கிறது என்று நாலு பேர் காதுபட எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? "குண்டாயிட்டானே" என்று யாராவது சொன்னால் அன்று சாயங்காலமே மிளகாய் சுற்றிப் போடுகிற வீட்டில்தான் நானும் இருக்கிறேன். இருந்தும் அந்தக் கட்டத்தை எழுதும்போது அது நினைவுக்கு வரவே இல்லை.

எங்கள் முறை வந்தது. டாக்டரம்மா திரையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"ஒம்பதா? பார்த்தா அப்படித் தெரியலையே."

அத்தை கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், கொஞ்சம் பெருமையோடு சொன்னார். "பன்னெண்டரை டாக்டரம்மா. அங்கன அத்தன பேரு முன்னால எப்படிச் சொல்லுதது? ஒருத்தி பார்வ மாதிரி ஒருத்தி பார்வ இருக்குமா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். "அப்போ காலையில இருந்து வந்தவங்க எல்லாரும்?"

"எல்லாரும் கொறச்சுத்தான் சொல்லுறாங்க மேடம். இப்பதான் வெளிய கேட்டேன்."

"ஸ்கிரீன்ல வந்த அளவ அப்படியே எழுதியிருக்கேன். கூட்டத்துல சந்தேகப்படவே நேரமில்ல." திரையில் காலைப் பதிவுகளைப் புரட்டினார். "சாதாரண காய்ச்சல் மருந்து கொறஞ்சா பயமில்ல. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிடலாம். ஆனா குளத்தூர்ப் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வந்தா. மூணு வயசு. காய்ச்சல் ஏறுனா வலிப்பு வரும் அந்தப் புள்ளைக்கு. வராம இருக்க மருந்து எழுதி, கொஞ்சம் முன்னாலதான் அனுப்புனேன். அது கொறஞ்சா நிக்காது."

அந்தக் கிராமத்துக்கு இருட்டிய பிறகு பஸ் கிடையாது. ராத்திரி காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தால் அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவாள்?

மதுரையில் இருந்த எங்கள் டீம் லீடைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எரர் ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரல சார்."

"அப்படின்னா வரம்பு லூசா இருக்கு. கொறஞ்ச அளவக் கூட்டிரு. ரெண்டு வயசுக்குப் பத்துக்குக் கீழ போட்டா செவப்பு காட்டட்டும். அஞ்சு நிமிஷ வேலை."

பதற்றத்தில் இருக்கும்போது நமக்கும் கை முதலில் அங்கேதான் போகும். விதி தோற்றால் விதியை இறுக்கு. நானும் சரி என்று சொல்லப் போனேன். அப்போது கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். உண்மையாகவே மெலிந்துபோன ஒரு குழந்தை அம்மாவின் தோளில் கிடந்தது. வரம்பைக் கூட்டினால் கவுண்டரில் நிற்க வைக்கப்படுவது அந்தக் குழந்தைதான். மற்றத் தாய்மார், எந்த எண்ணைச் சொன்னால் டோக்கன் கிடைக்கும் என்று சாயங்காலத்துக்குள் ஒருத்தி மற்றவளைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். மறுபடியும் ஒரு பிழைகூட வராது. மறுபடியும் ஓர் எண்கூட உண்மையாக இருக்காது.

"இறுக்க வேண்டாம் சார். கவுண்டர்ல எடையக் கேக்கறதையே எடுத்துருங்க. அந்தக் கட்டம் காலியா இருந்தாலும் டோக்கன் போகட்டும். உள்ள எடை பார்த்துப் போடுற வரைக்கும் மருந்து அளவு ஸ்கிரீன்ல வரக் கூடாது."

"டாக்டர் கேட்டு வாங்குனதும்மா அது. நாமளா எடுத்தா நல்லாருக்குமா?"

"டாக்டரம்மா பக்கத்துலதான் இருக்காங்க. குடுக்கட்டுமா?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. செய்தார்.

முத்துச்செல்வி காலையில் வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினாள். குளத்தூர்ப் பிள்ளையின் பதிவில் இருந்த எண்ணை நான் வாங்கிக்கொண்டேன். பத்து இலக்கம், சரியான தொடக்கம், போன் எண்ணுக்கு நான் எழுதிய விதியில் எந்தக் குறையும் இல்லை. மணி அடித்தது. எடுத்தது ஓர் ஆண்குரல். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"ஹலோ, யாருங்க?"

"கோவில்பட்டி ஆஸ்பத்திரில இருந்து பேசுறேன். காலைல உங்க..."

"ஆஸ்பத்திரியா? எம் புள்ளைக்கு என்னாச்சு? நான் திருப்பூர்ல கெடக்கேன், என்னன்னு சொல்லுங்க!"

நான் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் இப்போது அவருடைய நெஞ்சில்தான் விழும் என்று புரிந்தது. "ஒண்ணும் ஆகல அண்ணே. புள்ள நல்லாருக்கு. மருந்து அளவுல ஒரு வார்த்த கேக்கணும், அவ்ளோதான். உங்க வீட்டுல அவங்ககிட்ட போன் இருக்கா?"

"இருக்கே. அந்த நம்பர அவ ஆருக்கும் குடுக்க மாட்டா." மூச்சு விட்டார். "நான் தாரேன். எழுதிக்கோங்க. பேசிட்டு எனக்கும் ஒரு போன் போட்டுருங்க, என்ன?"

சரியான எண் வேறு, தாயின் எண் வேறு. என்னுடைய விதிக்கு அது தெரியாது. அப்போது அதைப் பற்றி யோசிக்க எனக்கும் நேரமில்லை.

அவளுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மருந்தை ஏற்கெனவே கொடுத்திருப்பாளா? குறைந்த அளவு கொடுத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று நிம்மதியாகப் படுத்துவிடுவாளா? பையன் என் தோளில் அனத்திக்கொண்டிருந்தான். அத்தை ஒன்றும் கேட்காமல் அவனை வாங்கிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்துவிடத் தொடங்கினார்.

அதற்கடுத்த முறை எடுத்தாள். பஸ்ஸின் இரைச்சல், பாட்டு, "எட்டயபுரம் எறங்குறவுக முன்னால வாங்க" என்கிற கண்டக்டர் குரல். எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் கத்தினாள். "ஆரு? கேக்கல!"

போனை டாக்டரம்மாவிடம் கொடுத்து ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"டாக்டர் பேசுறேன்மா. மருந்து குடுத்துட்டியா?"

"இல்ல டாக்டரம்மா. வீட்டுக்குப் போயி கஞ்சி குடுத்துட்டுக் குடுக்கணும்னு சொன்னீங்கல்ல."

டாக்டரம்மா பேனாவை எடுத்துக்கொண்டார்.

"நல்லது. புள்ள எடை எவ்வளவு? சரியாச் சொல்லு."

"பத்து கிலோ."

"உண்மையச் சொல்லும்மா. மருந்துக்காகக் கேக்குறேன்."

"அதான் சொல்லுதனே டாக்டரம்மா, பத்துதான். அங்கனயும் அதத்தான் சொன்னேன்." குரலில் லேசாகக் கோபம்.

டாக்டரம்மா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பத்தாகவே இருக்குமோ? இல்லாத பொய்யை நான்தான் கற்பனை செய்கிறேனோ? உண்மையிலேயே பத்தாக இருந்து, நாம் பயந்துபோய் மருந்தைக் கூட்டினால் அது வேறு ஆபத்தாகிவிடாதா? அப்போது ஒன்று தோன்றியது. போனைக் கையில் வாங்கினேன்.

"பஸ்ல கூட்டமாம்மா?"

"ஆமாக்கா. நின்னுக்கிட்டுதான் வாரேன். புள்ளைய ஒரு பெரியம்மா மடியில வச்சிருக்காவ."

முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மடியில் பிள்ளை. சுற்றிலும் ஆட்கள். அங்கே நின்றுகொண்டு எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்லுவாள்? கவுண்டரில் கேட்ட அதே கேள்வியைத்தான் நாங்கள் இன்னொரு கூட்டத்துக்கு நடுவில் மறுபடி கேட்டுக்கொண்டிருந்தோம்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். போனக் காதோட ஒட்டி வச்சுக்கோங்க. நானே சொல்லுதேன். சரின்னா 'ம்' மட்டும் சொல்லுங்க, போதும். பால்வாடில எடை பார்த்தாங்களா?"

"ம்."

"இந்த மாசமா?"

"ம்."

"பத்தா?"

பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது.

"பதினொண்ணா?"

அதற்கும் ஒன்றும் இல்லை. அவசரப்படாமல் சொன்னேன். "பன்னெண்டா?" பதிலில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"பதிமூணா?"

"ம்," என்றாள். பிறகு, மிக மெதுவாக, இன்னொரு "ம்."

டாக்டரம்மா ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். போனை வாங்கி, மருந்து மூடியில் எந்தக் கோடு வரை ஊற்ற வேண்டும் என்று சொன்னார். அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கட்டாயம் வந்துவிட வேண்டும் என்றார். எடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் திருப்பூருக்குப் போன் போட்டு, ஒன்றும் பயமில்லை என்று சொன்னேன். அவர் மறுபடியும் மறுபடியும் நன்றி சொன்னார். எனக்கு அதை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அழுகையும் வந்தது, அத்தை பார்க்காதபடி துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த மாற்றங்கள்தான் நீங்கள் இப்போது பார்ப்பவை. கவுண்டரில் உள்ள விதிகள் இளக்கமானவை. பெயரும் வயதும் இருந்தால் போதும், டோக்கன் போய்விடும். அறைக்குள் உள்ள விதிகள் கடுமையானவை. அங்கே எடைக்கருவியில் பார்த்த எண் இல்லாமல் மருந்து அளவு வராது. போன் எண்ணுக்குப் பக்கத்தில் "இந்தப் போன் இப்போது யாரிடம் இருக்கிறது" என்று ஒரு கட்டம் இருக்கும், அதையும் எடுத்துவிடாதீர்கள். ஒரே படிவத்துக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு விதியா என்று உங்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். வெற்றுக் கட்டம் இன்னும் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லும். கட்டாயத்துக்காக நிரப்பிய கட்டம் எல்லாம் தெரியும் என்று சொல்லும். இரண்டில் எது உங்களைப் பயமுறுத்த வேண்டும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். நான் சொல்வது எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று தெரியவில்லை. இந்த மருத்துவமனைக்குப் பொருந்தும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பையனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. இருந்தாலும் குளத்தூர்ப் பக்கத்து வீடு ஒன்றே மனதில் நின்றது. விடிந்ததும் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விட்டேன். வேலை ஒன்றும் இல்லை.

முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். என்னைவிடச் சின்னவள். பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தது. இரவு முழுக்க நன்றாகத் தூங்கியதாம், வலிப்பு வரவில்லையாம். டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு எடைக்கருவியில் ஏற்றினார். முள் பதிமூன்றைத் தாண்டி ஒரு கோடு கூடவே நின்றது.

போனில் பேசியது நான்தான் என்று டாக்டரம்மா சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீங்கதானாக்கா அது? அந்தப் பெரியம்மா எறங்குற வரைக்கும் என்னய விடல. 'ஆருகிட்ட ஏட்டி இப்படி 'ம்' கொட்டுத'ன்னு ஒரே கேள்வி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க வீட்டுக்காரருன்னு சொல்லிட்டேன். 'திருப்பூர்ல இருந்துக்கிட்டு ஒம்மேல இம்புட்டுப் பாசமா'ன்னு, அதுக்கும் கண்ணு வச்சிட்டாவக்கா."